பத்தாவது இசைத்தட்டுக்கு ஒரு ஓட்டு

அயர்லாந்தில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு பாட்டு கேட்கிறார்கள். நம்மூரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல், பாட்டு என்றால் கீழே ஏதாவது வேலை நடக்கும், அதற்கு மேலே பாட்டு ஓடும். கல்யாணத்தில் அண்டா உருட்டுகிற சத்தத்தோடு, காது குத்தில் பிள்ளை அலறுகிற சத்தத்தோடு, கடலைக்காய் உரிக்கிற கூட்டத்தின் வம்புப் பேச்சோடு கலந்துதான் பாட்டைக் கேட்டிருக்கிறேன். பாட்டுக்கென்று தனியாக உட்கார்ந்ததே இல்லை. என் மகள் கலா நர்ஸ் வேலை பார்க்கிற அந்தச் சின்ன டவுனில், வியாழக்கிழமை காலை நூலகத்தில் பத்துப் பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தட்டு முடிகிற வரைக்கும் ஒருவர் இருமுவதில்லை.

முதல் தடவை கலாதான் என்னை அங்கே இறக்கிவிட்டுப் போனாள். "வூட்லயே ஒண்டியா கெடக்காதம்மா, அங்க ரேடியேட்டர் நல்லா சூடா இருக்கும், போயி உக்காரு" என்றாள். ரேடியேட்டர் என்பது குளிருக்கு அறையைச் சூடாக்குகிற கருவி. உள்ளே போனால் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பொம்பளை குரல் மெதுவாக இழுத்துப் பாடுகிறது. ஓரத்தில் ஒரு பெரியவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். யாரோ தவறிப்போய்விட்டார்கள், இந்த ஊரில் துக்கம் விசாரிக்க நூலகத்தில் கூடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தேன். பாட்டு நின்றதும், நம்மூரில் இழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரியே, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். துக்க வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லலாமா? வீட்டுக்கு வந்து அந்தக் குளிரில் தலை முழுகினேன். சாயங்காலம் கலா வந்து, "என்னம்மா, வியாழக்கெழம எதுக்கு தலைக்கு ஊத்தின?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யம்மா! அவங்க பாட்டு கேக்கறாங்கம்மா. எழவும் இல்ல ஒண்ணும் இல்ல!"

அடுத்த வாரம் நூலகத்தின் பொறுப்பாளர் ஈஃபா என்னிடம் ஓடி வந்து, போன வாரம் நாங்கள் உங்கள் மனம் நோகும்படி ஏதாவது செய்துவிட்டோமா, சொல்லாமல் போய்விட்டீர்களே என்று கேட்டார். ஈஃபாவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, தொப்பூர் கணவாயில் முதல் கியரில் இறங்குகிற லாரி மாதிரி மெல்ல மெல்ல இங்கிலீஷ் பேசுவார். எனக்கு வந்த பதில் ஒன்றே ஒன்றுதான். "சாரி." அந்த ஊரில் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பாதி நாளை ஓட்டிவிடலாம். மகளிடம் போய் வந்துகொண்டிருக்கிற இந்த மூன்று வருடத்தில் பேச்சு பாதிக்கு மேல் விளங்குகிறது, திருப்பிச் சொல்லத்தான் நாக்கு வராது. அவர்கள் பேசியதை எனக்கு விளங்கிய மட்டும் நம்மூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவர்கள் கூடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அங்கே வாசல் சுவரில் கண்ணாடி போட்டு, அயர்லாந்து ஆல்பங்களிலேயே சிறந்த பத்தை வைப்பார்கள். பக்கத்தில் காதில் மாட்டிக் கேட்கிற கருவி இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மீதித் தட்டுகள் எல்லாம் வேறு ஊரில் இருக்கிற கிடங்குக்குப் போய்விடும். எந்தப் பத்து என்று முடிவு செய்வது இந்த வட்டத்தின் வேலை. ஆல்பம் என்றால் நம் கல்யாண போட்டோ ஆல்பம் இல்லை, பத்துப் பன்னிரண்டு பாட்டு சேர்ந்த ஒரு இசைத்தட்டு. குளிர்காலம் முழுக்க சண்டை. ஒரு பாட்டுக்காரி இங்கிலாந்தில் பிறந்தவள், அப்பா அம்மா இந்த ஊர். அவள் தட்டு அயர்லாந்துக் கணக்கில் வருமா வராதா என்று இரண்டு வாரம் போனது. பிடில் மட்டும் வாசிக்கிற ஒருவருடைய தட்டைப் பற்றி ஒரு வாரம். அயர்லாந்தின் பழைய மொழியில் பாடினதற்கு இரண்டு இடமா மூன்று இடமா என்று ஒரு வாரம். கோபம் வந்தால் இவர்கள் கத்த மாட்டார்கள். டீயை மட்டும் ரொம்ப நேரம் கலக்குவார்கள்.

இந்தச் சண்டை எனக்கு அந்நியம் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் காரிமங்கலத்தில் ரேடியோ செட்டு வைத்திருந்தவர். ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, சுற்று வட்டாரத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் பாட்டுப் போட்டார். தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டு அடுக்கி வைப்பது என் வேலை. அப்படித் துடைத்துத் துடைத்து ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். எந்தப் பாட்டை ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களோ, முள் தேய்ந்து தேய்ந்து அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்துப்போயிருக்கும். கேட்காத பாட்டு மை மாதிரி பளபளக்கும். தட்டைப் பார்த்தே அந்த வருடத்தில் ஊருக்கு என்ன பிடித்தது என்று சொல்லிவிடுவேன். என் மாமனார் பக்திப் பாட்டு தவிர வேறெதுவும் காதில் விழக்கூடாது என்கிற மனிதர். "சினிமாப் பாட்டு கேக்கற வூடு உருப்படாது" என்பார். ஆனால் எந்த விசேஷத்துக்கும் எடுத்துப் போகாத ஒரு சினிமாத் தட்டு, சந்தை நாளுக்குச் சந்தை நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. நாங்கள் எல்லோரும் சந்தைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். எனக்கு அதே பாட்டுதான் உயிர். "மாமா, எனக்கும் அதாங்க புடிக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் பல வருடம் ஆகிவிட்டது.

ஒன்பது தட்டுகள் முடிவாகிவிட்டன. பத்தாவதில்தான் வட்டம் சரிபாதியாகப் பிளந்தது. ஒரு பக்கம் கறுப்பு அட்டை போட்ட ஒரு தட்டு, ஊர் உலகமெல்லாம் விற்றது. இன்னொரு பக்கம், அதே டவுனில் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை செய்த ஐந்து பெண்கள் சேர்ந்து பாடிய ஒரே ஒரு தட்டு. அட்டையில் ஐந்து பேரும் கம்பெனி வாசல் கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். நடுவில் நிற்பவள் பெயர் நோரா. முதல் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே டோனல் என்கிற பெரியவர், அவருடைய மனைவி. இறந்து இரண்டு வருடம். டோனல் வீட்டை விற்றுவிட்டு ஒரு சின்ன அறையில் இருக்கிறார். சாமான்களை ஒழிக்கும்போது பிளேயரும் தட்டுகளும் போய்விட்டன. மனைவி குரலைக் கேட்க வேண்டுமென்றால் நூலகத்துக்குத்தான் வர வேண்டும். இது கிடங்குக்குப் போனால் அதுவும் இல்லை. இதையெல்லாம் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. ஈஃபாதான் டீ ஊற்றும்போது என்னிடம் சொன்னார். டோனல் என்னைவிடக் கூச்சக்காரர்.

கறுப்பு அட்டைக்குத் தலைமை பிரைடி. எண்பது வயதுக்காரி, சிவப்புக் கோட்டு, நாக்கு கத்தரிக்கோல் மாதிரி. நான் ஒரு நாள் கை சும்மா இருக்க முடியாமல் பூண்டு கொண்டுபோய் உரித்தபோது, "இது பாட்டு கேக்கற எடமா, ஓட்டலா?" என்று கேட்டவள் அவள்தான். அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது. "நோரா ஒரு பாட்டு நல்லாத்தான் பாடியிருக்கா. ரெண்டாவது சைடு, மூணாவது பாட்டு. ஒரே ஒரு பாட்டு நல்லா இருந்தா அது ஆல்பம் ஆயிடுமா? மீதி ஒன்பது பாட்டு? பாவம் பாத்து இடம் குடுத்தா, அது பாடினவளுக்கே அவமானம்." டோனல் டீயைக் கலக்கினார், கலக்கினார், குடிக்கவே இல்லை.

எண்ணிப் பார்த்தார்கள். அஞ்சுக்கு அஞ்சு. ஈஃபா என் பக்கம் திரும்பி, "மாதம்மாள், நீங்க?" என்றார்.

"அவங்க ரேடியேட்டருக்கு வர்றவங்க, அவங்களுக்கு எதுக்கு ஓட்டு?" என்றாள் பிரைடி.

"குளிர்காலம் பூரா ஒரு வியாழக்கெழம தவறாம வந்தவங்க அவங்க ஒருத்தர்தான். நீங்களே மூணு வாரம் வரல பிரைடி" என்றார் ஈஃபா.

நான் டீக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நம்மூரில் மகளிர் குழுவில் கூட, கை தூக்கச் சொன்னால் முன்னால் இருப்பவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஆள் நான். ஈஃபா புரிந்துகொண்டு, மடித்தால் பெட்டி மாதிரி ஆகிற ஒரு பிளேயரையும் இரண்டு தட்டுகளையும் என் கையில் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்.

எனக்குத் தெரிந்த முறையில் கேட்டேன். சமைத்துக்கொண்டே. அங்கே காலை பதினொன்று என்றால் காரிமங்கலத்தில் மாலை நாலரை. எங்கள் வீட்டுக்காரர் அந்நேரம் ரகீம் பாய் தையல் கடையில் உட்கார்ந்திருப்பார். போன் போட்டு பிளேயர் பக்கத்தில் வைத்தேன். கறுப்பு அட்டை ஆரம்பித்தது. வெறும் வாத்தியமாகவே போய்க்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, அஞ்சு நிமிசமாவுது, இன்னும் பாடற ஆளு வரலயே. பஸ்ஸ வுட்டுட்டானா?"

"பொறுங்கண்ணே, இப்பதான சுதி கட்டுறாங்க" என்றார் ரகீம் பாய்.

பாடுகிறவன் வந்தான். வந்தவன் விடவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. சொன்னதும் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. "ரசத்தையே மறக்கடிச்சிடுச்சின்னா அதாம் புள்ள பாட்டு! போடு ஓட்ட."

"சோத்த கெடுக்கற பாட்டு என்னாத்துக்குண்ணே?" என்றார் பாய். "அந்த இன்னொண்ணு யாருதுக்கா?"

"சட்ட தைக்கற கம்பெனி பொம்பளைங்க பாடினது பாய்."

"தையக்காரிங்களா! கேக்கவே வேணாம், என் ஓட்டு அங்கதான்."

"பாட்டையே இன்னும் கேக்கலயேய்யா!"

"மிசினு சத்தத்துக்கு மேல பாடிப் பழகினவங்கண்ணே. கொரல் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நோராவின் தட்டைப் போட்டேன். ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்து முடிந்தது, கை நிற்கவில்லை. நான் உரிக்கிற தாளத்துக்கு அவர்கள் பாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் நடுவில் ஒரு பாட்டில் முள் குதித்துக் குதித்து ஒரே இடத்தில் சுற்றியது. தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். அந்த இடத்தில் ஒரு கீறல். இன்னொன்றும் தெரிந்தது. இரண்டாவது பக்கத்தில் மூன்றாவது பாட்டு மட்டும் சாம்பலாக வெளுத்திருந்தது. மற்றதெல்லாம் பளபளவென்று புதுசு. டோனல் வந்து வந்து நோரா தனியாகப் பாடின இடத்தை மட்டும் கேட்டிருக்கிறார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பிரைடி சொன்னது சரியென்றுதானே இந்தத் தட்டு சாட்சி சொல்கிறது? ஒரு பாட்டுதான். கேட்டதும் ஒரு ஆள்தான். அவருக்காகக் கை தூக்கினால் அது பாவம் பார்த்தது ஆகும். தூக்காவிட்டால் அந்த மனிதர் எங்கே போய்க் கேட்பார்? வாரம் முழுக்க இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். "நீ போடற ஓட்டுல பாதி என்னுது" என்று எங்கள் வீட்டுக்காரர் வேறு தினமும் போனில் நச்சரித்தார்.

வியாழக்கிழமை போய், தட்டு குதிக்கிறது என்று ஈஃபாவிடம் கையால் காட்டினேன். கடைசியாக ஒரு தடவை எல்லோரும் கேட்டுவிட்டு ஓட்டுப் போட வேண்டும், வேறு யாரிடமாவது இந்தத் தட்டு இருக்கிறதா என்று ஈஃபா கேட்டார். பிரைடி, "என் பரண்ல ஒண்ணு கெடக்கும். வாங்கின நாளோட சரி, தொட்டதே இல்ல. நியாயம்னா நியாயம், எடுத்தாரேன்" என்று சொல்லி எழுந்தாள். அவள் வீடு எதிர்த் தெருவில்தான். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டாள். பரணில் கிடந்ததைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் போதுமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

துடைத்துக் கொடுக்கிற பழக்கம் கையை விட்டுப் போகுமா? அவள் தட்டை வாங்கினேன். ஜன்னல் பக்கம் போய், உறையிலிருந்து எடுத்து, சாய்த்தேன். முதல் பக்கம் முழுக்கச் சாம்பல். திருப்பினேன். இரண்டாவது பக்கமும் முழுக்கச் சாம்பல். ஒரு பாட்டு விடவில்லை. ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரே சீராக வெளுத்திருந்தது. தலைமாட்டில் வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கமும் கேட்கிற ஒருவருடைய தட்டு அது.

மற்றவர்கள் பிஸ்கட் டப்பாவைச் சுற்றி நின்றார்கள். பிரைடி மட்டும் என் பக்கத்தில் நின்றாள். எனக்கு மாமனார் ஞாபகம் வந்துவிட்டது. நூலகத் தட்டை இடது கையிலும் அவள் தட்டை வலது கையிலும் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். இடது பக்கம் விரலை வைத்து, "டோனல். ஒன் சாங்" என்றேன். வலது பக்கம் விரலை வைத்தேன். "பிரைடி. ஆல் சாங்." அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் இல்லை. நெஞ்சைத் தொட்டு, "மீ... லைக்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் முகம் கோட்டு நிறத்துக்குப் போனது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினாள். அவளும் அதே கம்பெனியில் காலர் தைத்தவள். இரண்டு வருடம் அவர்களோடு சேர்ந்து பாடிப் பழகியவள். பாட்டைப் பதிவு செய்யப் போவதற்கு முதல் வாரம், யார் தனியாகப் பாடுவது என்று நோராவோடு வாய்ச் சண்டை. கோபத்தில் போகாமல் இருந்துவிட்டாள். வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாளாம். "அந்தத் தட்டுல ஒவ்வொரு பாட்லயும் என் கொரல் எங்க வரணும்னு எனக்குத் தெரியும். அந்த எடத்துல நான் பாடிக்குவேன்" என்றாள்.

எல்லோரும் உட்கார்ந்ததும் பிரைடி எழுந்து, தட்டை ஈஃபா கையில் கொடுத்தாள். "பரண்ல கெடந்ததுன்னு சொன்னேன், பொய். ரெண்டு பக்கமும் தேய்ஞ்சு போயிருக்குது, இந்தம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியுது. ஒரு பாட்டுதான் நல்லாருக்குதுன்னு சொன்ன நானே பத்துப் பாட்டையும் தேய்ச்சிருக்கேன். அப்ப இது ஆல்பம்தான். மாட்டுங்க சுவத்துல." பிறகு டோனலைப் பார்த்து, "உன் பொண்டாட்டி மூணாவது பாட்ட கொஞ்சம் இழுத்துத்தான் பாடினா. அதையும் சொல்லிட்டேன்" என்றாள். டோனல் சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் மாறியதும் ஆறுக்கு நாலு ஆகிவிட்டது, என் ஓட்டு தேவையே இல்லை. ஆனாலும் ஈஃபா என்னைப் பார்த்தார். தூக்கினேன். முழங்கை மடியாமல், நேராக. எங்கள் வீட்டுக்காரருடைய பாதி ஓட்டு செல்லாமல் போனது. கிளம்பும்போது வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துத் தமிழிலேயே, "போயிட்டு வரேங்க" என்றேன். அவர்கள் ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை. கையை ஆட்டினார்கள்.

பிரைடியின் தட்டு சுவருக்குப் போனது, குதிக்காத தட்டு அதுதானே. குதிக்கிற நூலகத் தட்டை ஈஃபா டோனலிடம் கொடுத்தார். நான் ஊருக்குக் கிளம்புகிற வாரம் அவர் வீடு தேடி வந்து அதை என்னிடம் நீட்டினார். "எங்கிட்ட பிளேயர் இல்ல, சுவத்துல போயி கேட்டுக்குவேன். உங்க வூட்டுக்காரர்கிட்ட இருக்குதாமே. நோரா வெயில் ஊரே பாத்ததில்ல. கூட்டிட்டுப் போங்க."

இப்போது காரிமங்கலத்தில்தான் இருக்கிறேன். ஆடி முடிந்ததும் திரும்ப டிக்கெட். போன சந்தை நாளன்று எங்கள் வீட்டுக்காரர் பழைய பிளேயரைத் தூசி தட்டி, முள் குதிக்காமல் இருக்க அதன் தலையில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, நோராவைப் போட்டார். கீறல் விழுந்த இடத்தில் குதிக்காமல் தாண்டிப் போனது. ரகீம் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். என்னையறியாமல் கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்களும் என்னைப் பார்த்து மூடிக்கொண்டார்களாம்.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால், பக்கத்து வீட்டுச் சின்னபாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கிப் போகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போது வந்து உட்கார்ந்தாள் என்றே தெரியாது. நான் வெளியே ஓடினேன். அவள் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா செத்தது? அயர்லாந்துலயா?"

"ஒரு பொம்பள செத்து ரெண்டு வருசம் ஆவுது. இது எழவு இல்லடி, பாட்டு கேக்கறோம். வா, இன்னொரு சைடு இருக்குது."

"கைய கட்டிக்கினா கேப்பாங்க பாட்ட?" என்று திட்டிக்கொண்டே, தன் வீட்டிலிருந்து ஒரு முறம் மொச்சைக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்து உரிக்க உட்கார்ந்தாள். தட்டு சுற்றியது. நானும் ஒரு பிடி மொச்சைக்காயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் உரிக்கவும் இல்லை, முறத்தில் திருப்பிப் போடவும் இல்லை.